பெருமாள் இல்லாத ஊர்

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, பொழுது சரியாக விடியாத நேரத்தில் திருச்சியில் இறங்கினேன். தூறல். விமான நிலையத்தின் புதிய கட்டடத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். சுவரெல்லாம் கோபுர வண்ணம், உயர்ந்த கூரை, வழுக்கும் தரை. எல்லாம் இருந்தது, என் பெட்டி மட்டும் வரவில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண் என்னைவிட வருத்தமாக, "வழியிலயே நின்னுருச்சு சார். ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துரும்" என்றாள்.

கையை வீசிக்கொண்டு வெளியே வந்து ஒரு வாடகைக் காரில் ஏறினேன். ஓட்டுநர் பேச்சுப் பிரியர். அமெரிக்காவில் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். தன் தங்கை வீட்டுக்காரர் டல்லாஸில் இருப்பதாகவும், அது நல்ல ஊர் என்றும், வெயில்கூட நம்ம ஊர் மாதிரியே அடிக்கும் என்றும் சொன்னார். நாங்கள் வேறு ஊருக்குக் குடிபோகப் பார்க்கிறோம் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, தண்ணிப் பிரச்சினையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதைவிட எளிதான பதில் என்னிடம் இல்லை.

உண்மைக் காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஒரே குழந்தைக்குப் பதினாறு வயது. பெண்ணாகப் பிறந்தபோது ஸ்ரீரங்கத்துத் தாயாரின் பெயரை வைத்து ரங்கநாயகி என்றோம். பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு வந்தபோது, தான் பெண் இல்லை, பையன் என்று சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான். எங்களுக்குக் காது கேட்கத்தான் காலம் பிடித்தது. இப்போது அவன் பெயர் ரங்கா. ஆண் ஹார்மோன் தரும் வைத்தியம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, நாங்கள் இருக்கும் தென்பகுதி மாநிலத்தில் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அந்த மருந்தைத் தரக் கூடாது என்று சட்டம் வந்தது. மருத்துவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிறுத்திவிட்டார். ரங்கா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

ஆகவே, அவனைச் சட்டம் தொடாத ஊர் வேண்டும். எங்கள் வருமானத்துக்குள் வாடகை அடங்கும் ஊராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேருவது அரிது. வாடகையைக் கேட்டதுமே சியாட்டிலும் பாஸ்டனும் போயின. மினியாபோலிஸில் என் மனைவி சுஜாவின் மாமா பையன் இருக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் ரங்காவைப் பற்றி எழுதிய ஒன்றுக்குப் பிறகு சுஜா அந்த ஊரின் பெயரையே எடுப்பதில்லை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று பிட்ஸ்பர்க். மற்றது டுலூத் என்னும் வடகோடித் துறைமுக ஊர்: கடல்போல ஓர் ஏரி, குறைந்த வாடகை, எலும்பை உறைய வைக்கும் குளிர்.

ரங்கா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அத்தை வரக்கூடிய ஊராக இருக்க வேண்டும்.

அத்தை என்பது என் அக்கா கோதை. ரங்கா பிறந்தபோது அமெரிக்கா வந்து, அவன் நடக்கும்வரை இருந்தாள். பிறகும் பலமுறை வந்து மாதக்கணக்கில் தங்கினாள்; எங்கள் ஊரிலும் பெருமாள் கோயில் உண்டு. பெருமாளைச் சேவிக்க முடியாத ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் தன்னால் இருக்க முடியாது என்பது அவள் எப்போதும் சொல்வது. பிட்ஸ்பர்க்கில் குன்றின் மேல் இருக்கும் பெருமாள் கோயிலை ஸ்ரீரங்கத்தில் அறியாதவர்கள் இல்லை. அதனால் எங்கள் மூவர் மனத்திலும் பிட்ஸ்பர்க்தான் முன்னால் நின்றது. ஆனால் அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவள் ரங்காவை நேரில் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது. போனில் முகம் காட்டாமல் பேசுவான். உடைந்த குரலைக் கேட்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்று போன வருஷம் முழுக்கச் சுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் நேரில் சொல்லி, வருவாளா என்று கேட்டுவரத்தான் வந்தேன்.

எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. சுஜாவிடம் சொல்லவில்லை. பட்டியலில் மூன்றாவதாகத் திருச்சியையும் வைத்துப் பார்த்தால் என்ன?

அக்கா ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில் தனியாக இருக்கிறாள். கதவைத் திறந்ததும் பெட்டி எங்கே என்றாள். பிறகு பீரோவிலிருந்து காலமான தன் கணவர், என் அத்திம்பேரின் வேஷ்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நாப்தலின் வாசனையோடு அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுப் பேச்சை வெளியாருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரசம் எங்களுக்குச் சாத்தமுது. பாயசம் திருக்கண்ணமுது. சமையல் தளிகை. துளசி திருத்துழாய். நெற்றியில் இடுவது திருமண். பெருமாளோடு சம்பந்தப்பட்ட எதற்கும் முன்னால் ஒரு திரு வந்து நின்றுவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் விமானத்தில் ஒத்திகை பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலச் சொல் அக்காவிடம் செல்லாது என்று, தமிழ்ச் செய்தித்தாள்கள் மரியாதையாக எழுதும் சொல்லைத் தேர்ந்திருந்தேன். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர் திருநம்பி.

இரண்டாம் முறை சாதம் போட வந்தபோது சொன்னேன்.

"அக்கா, ஒரு விஷயம். நம்ம ரங்கா இப்ப திருநம்பி."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கை கூப்பினாள். கண் நிறைந்துவிட்டது.

"எந்த ஆச்சார்யன்டா திருநாமம் சாதிச்சா?"

நம்பி என்றால் குணம் நிறைந்தவர். வைணவப் பெரியவர்கள் பலருக்கு அந்தப் பெயர் உண்டு. அமெரிக்காவில் யாரோ ஓர் ஆச்சாரியர் ரங்காவின் தோளில் சங்கு சக்கரம் பொறித்து, அடியாருக்குரிய பெயராகத் திருநம்பி என்று வைத்துவிட்டதாக அக்கா எடுத்துக்கொண்டாள். அப்படியில்லை அக்கா என்று ஆரம்பித்தேன். இந்த வயதில் எந்தக் குழந்தைக்கு இதெல்லாம் தோன்றும் என்று கேட்டுக்கொண்டே அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்ச ஆரம்பித்தாள். திருக்கண்ணமுது பண்ணப் போகிறாள். நான் மேலே பேசவில்லை. நான்கு வருஷத்தில் ரங்காவைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். ஐப்பசி முழுக்கப் பெருமாளின் திருமஞ்சனத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானை மேல் தீர்த்தம் போகும். மழையில் யானை கறுத்துப் பளபளத்தது. ஆறு கரை தொட்டு, செம்மண் நிறத்தில் ஓடியது. திரும்பும் வழியெல்லாம் எனக்கு வாழ்த்து. அக்கா ராத்திரியே எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். பூக்காரம்மா ஒரு முழம் கூடுதலாக அளந்து, "ஒங்க பொண்ணு சாமிப் பேரு வச்சிகிச்சாமே, எங்க பொண்ணு சினிமாக்காரன் பேரக் கையில பச்ச குத்தியிருக்கு" என்றார். எதிர்வீட்டுச் சடகோபன் மாமா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், பாசுரங்களெல்லாம் மனப்பாடம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போதே அவர் நெற்றி சுருங்கியதைக் கவனித்தேன்.

புதன்கிழமை என் பட்டியலின் மூன்றாவது ஊரான திருச்சியைப் பார்க்கக் கிளம்பினேன். பள்ளித் தோழன் ஜமால் புத்தூரில் ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கிவைத்திருந்தான். பாலக்கரைக்காரன், பல வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு இப்போது கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டவன். அவனிடம் மட்டும் போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன்.

ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் இருமிவிட்டு நின்றது. அடுத்த பஸ் வரும்வரை எல்லோரும் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. "ஆத்தப் பாத்துக்கிட்டு நில்லுங்க, அதுக்குத் தனி டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றார் கண்டக்டர். ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பெண்கள் வீடு மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காட்டூர்ல வாடகை கம்மி. ஆனா மாமியாருக்குப் புத்தூர்தான் வேணுமாம், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணுமாம்."

"அப்ப மாமியாரையே வாடகை குடுக்கச் சொல்லு."

எங்கள் வீட்டில் மாதக்கணக்காக நடக்கும் வாதம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

புத்தூரில் மருந்துக்கடைகளுக்கு நடுவே மாடியில் அந்த மருத்துவரின் அறை. நடுவயதுக்காரர், அவசரப்படாதவர். ரங்காவின் மருந்துச்சீட்டுகளைப் போனில் காட்டினேன். ஒவ்வொன்றையும் படித்தார். வைத்தியம் இங்கேயும் உண்டு, ஆனால் பதினெட்டு வயது ஆகும்வரை மிகவும் தயங்கித்தான் செய்வோம் என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்களா என்று கேட்டேன்.

"வராங்க சார். மதுரை, கரூர், புதுக்கோட்டைலேர்ந்து வராங்க. திருச்சிப் பசங்க வர மாட்டாங்க. அவங்க சென்னைக்குப் போயிடறாங்க. சென்னைப் பசங்க பெங்களூர் போறாங்க. சொந்த ஊர்ல யாருக்கும் முடியறதில்ல."

பீஸ் வாங்க மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜமால் வீட்டில் அவன் மனைவி பிரியாணி செய்திருந்தார். நான் சைவம் என்பதால் எனக்கு மட்டும் தனியாக நெய்ச்சோறும் கத்தரிக்காயும். மதியம் முழுக்க மழை. ஜமால் முதலில் உற்சாகமாகத்தான் பேசினான். இங்கேயே வந்துவிடுங்கள், உங்களுக்கு இடமா இல்லை என்றான். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம்தான் என்றான். பேசப் பேச வேகம் குறைந்தது.

"ஒன்னும் கேக்க மாட்டாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன் மாப்ள. மொதல்ல என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. அப்புறம் புள்ளையப் பாத்துட்டு இதக் கேப்பாங்க. நீ இருக்கறப்ப என்கிட்ட கேப்பாங்க. நீ இல்லாதப்ப அவன்கிட்டயே கேப்பாங்க."

பிறகு, என்னைப் பார்க்காமல், தன் பையனிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை என்றான். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்றான். திருச்சியைப் பட்டியலிலிருந்து எடுத்தது அப்போதுதான். சாயங்காலம் வீடு திரும்பியபோது பெட்டி வந்திருந்தது.

வியாழக்கிழமை சடகோபன் மாமா காலைக் காப்பிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே, இரண்டு நாளாக ஒரு சந்தேகம் என்றார் என்னிடம்.

"நம்பிங்கறது புருஷாளுக்குன்னா வரும், வரதா. பெண் குழந்தைக்கு நாச்சியார்னு சாதிச்சிருக்கணும். உங்க அமெரிக்கா ஸ்வாமி அவசரத்துல மாத்திச் சாதிச்சுட்டாரோ?"

தானே சிரித்துவிட்டு, காப்பி பேஷ் என்று சொல்லிக் கிளம்பினார். அக்கா சிரிக்கவில்லை. அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கு எதுக்குடா நம்பின்னு பேர்?"

இந்த முறை எந்தச் சொல்லையும் தேடவில்லை. ரங்கா பெண் இல்லை என்றேன். எப்போதிலிருந்து, எப்படித் தெரிந்தது, என்ன வைத்தியம், என்ன சட்டம், ஏன் ஊர் மாறுகிறோம், எந்தெந்த ஊர் மனத்தில் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும் ஊசியா, மாத்திரையா என்றாள். ஊசி என்றேன். வலிக்குமா என்றாள். அவன் வலிப்பதாகச் சொன்னதில்லை என்றேன். அதனால்தான் குரல் அப்படி ஆகியிருந்ததா என்றாள்.

"கஷாயம் கஷாயம்னு அந்தக் குழந்தையைப் படுத்தியிருக்கேனே. நீயாவது சொல்லப்படாதா?"

அவள் எழுந்துவிட்டாள். அடுப்படி வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடி, வீதி பூராவும் சொல்லிவிட்டேன் என்றாள். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. ஐப்பசி வெள்ளியில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது, அப்படி நடந்ததே இல்லை. தளிகையும் பெரிதாக இல்லை. தயிர்சாதமும் ஊறுகாயும்தான். மழை விட்டு விட்டுப் பெய்தது. வாசலில் யாரோ கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லச் சொன்னாள்.

சாயங்காலம், ரங்காவின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். போனில் காட்டினேன். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, அரும்பு மீசையோடு, கேமராவைப் பார்க்காமல் நிற்கும் படம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு நம்ம அப்பா மூக்கு" என்றாள்.

சனிக்கிழமை பகலில், இனியும் தள்ளிப்போட முடியாது என்று கேட்டுவிட்டேன். ரங்கா உன்னை வரச் சொல்கிறான், ஊரையே உனக்காகத்தான் தேர்ந்தெடுக்கிறான், உனக்கு ஓர் அறை வேண்டும் என்று சொல்லியிருக்கிறான் என்றேன். பிட்ஸ்பர்க்கைப் பற்றிச் சொன்னேன். இரண்டு ஆறு கூடி மூன்றாவதாக ஓடும் ஊர், பாலங்கள் நிறைந்த ஊர், கோயில் காரில் போகும் தூரத்தில்தான் என்றேன். மடியில் வைத்திருந்த கொத்தவரங்காயை நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"அங்க நம்மவா நிறைய இருப்பாளோ?"

"நிறைய பேர் இருக்கா, அக்கா."

"சடகோபன் மாமா பேரன் அங்கதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவான்னு மாமா பெருமையாச் சொல்லுவார். பார்ப்பான். மறுநாள் இங்க வந்துடும்."

"வந்தா வரட்டுமே."

"உனக்கென்னடா, நீ ப்ளேன் ஏறிடுவே."

அடுத்த கைப்பிடிக் காயை எடுத்துக்கொண்டாள். பிறகு, இன்னொரு ஊர் சொன்னாயே, அங்கே பெருமாள் உண்டா என்றாள். இல்லை, சேவிக்க வேண்டுமென்றால் போய்வர ஒரு நாளாகும், பனிக்காலத்தில் அதுவும் முடியாது என்றேன்.

"அங்க போங்கோ."

"நீ வருவியா?"

"நான் எப்படிடா வருவேன்?"

நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் குழந்தையை வீதியின் கண்ணிலிருந்து காப்பாற்றுகிறாளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. போனில் சுஜாவிடம் கேட்டேன். இரண்டும்தான், இதில் என்ன ஆராய்ச்சி என்றாள். டுலூத்தில் வீட்டுக்காரருக்கு எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னாள். அவள் குரலில் வருத்தத்தைவிட, முடிவாகிவிட்ட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

ரங்கா போனை வாங்கினான். அவன் பேசுவது ஆங்கிலம், அத்தை என்பது மட்டும் தமிழ்.

"அத்தை என்ன சொன்னா?"

"உன் போட்டோவைப் பார்த்தா. தாத்தா மூக்குன்னா."

"அப்புறம்?"

"டுலூத் போகச் சொல்றா."

"அத்தைக்கு டுலூத் எங்கே இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். அப்படியென்றால் வரமாட்டாள் என்றான். அந்த ஏரி குளிர்காலத்தில் முழுக்க உறைந்துவிடுமா என்று கேட்டான். சில வருஷங்களில் பெரும்பகுதி உறையும் என்று படித்திருந்ததைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கோயிலுக்குப் போய்வந்திருந்தாள். நெற்றியில் திருமண் ஈரமாக இருந்தது. பெட்டியில் இடமில்லாத அளவுக்கு வடாமும் பருப்புப்பொடியும் கட்டித் தந்தாள். யாருக்கு எது என்று சொல்லவில்லை. கார் வந்தது. பெட்டியைப் படியிறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோது சடகோபன் மாமா குடையோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு வருஷமாவது குழந்தையை அழைத்து வரக்கூடாதா என்று என்னைக் கடிந்துகொண்டார்.

"எப்ப வரா, நம்மாத்து நம்பி?"

அக்கா என்னை முந்திக்கொண்டாள்.

"குழந்தை வராது, மாமா."

அவர் ஏன் என்று கேட்டார். படிப்பு என்றாள். வருகிறாள், போகிறாள் என்றே ரங்காவைப் பேசி வந்தவள், வரமாட்டாள் என்று சொல்லவில்லை. வரமாட்டான் என்றும் சொல்லவில்லை. மாமா இன்னும் ஏதோ கேட்க வந்தார். அவள் அவர் கையிலிருந்த குடையை வாங்கி, நனைகிறது என்று என் பெட்டிக்கு மேலே பிடித்தாள்.